பவர் பத்திரம், பக்கம் நான்கு

செக்காலை ரோட்டில் மாடியில் இருக்கிறது ஆபீஸ்.
லிஃப்ட் இல்லை.
அண்ணனை ஆட்டோவிலேயே உட்காரவைத்து
டிரைவர் அந்தோணியிடம் சொல்லிவிட்டு ஏறினேன்:
"எது கேட்டாலும் சரிம்பார்.
டீ வேணுமான்னு மட்டும் கேட்டுறாதீங்க,
சர்க்கரை இருக்கு."

ஏஜென்ட் மெய்யப்பன் மூன்று மாதமாகச் சொன்னதுதான்.
"ஆச்சி, பவர் உங்க கையில இருக்கு,
நீங்களே கையெழுத்துப் போடலாம்.
அண்ணனுக்கு நாப்பத்தாறுதானே."
அந்தத் 'தானே'யில்
கால்குலேட்டர் தட்டும் சத்தம்.

பவர் உண்மைதான்.
சிங்கப்பூர் போகுமுன் கோட்டையூர் மனையை விற்கச் சொல்லி
சேவுகப்பன் என் பேருக்கு எழுதியது.
நாலு பக்கம்.
'என் பொருட்டும் என் சார்பாகவும்
நானே நேரில் இருந்து செய்ததைப் போலவும்.'
லீவில் வந்தவர்
திருப்பத்தூர் ரோட்டில், விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால்.
மதுரையில் நாற்பத்தொரு நாள்.
கட்டுப் பிரித்தபோது
உள்ளே மிச்சமிருந்தது ஒரே சொல்:
சரி.

அதிலிருந்து கரண்ட் பில், வீட்டு வரி, செக்,
எல்லாவற்றிலும் நான்தான் அவர்.
'சேவுகப்பன்' என்று
அவரைவிட அழகாகச் சுழிப்பேன்.
தப்புதான். வரிசையில் நிற்பவர்களுக்கு
தப்பு யோசிக்க நேரமில்லை.

அதிகாரி ஜெபராணி படிவத்தை வாசித்தார்.
புகைபிடிப்பவரா.
ஆறு மாதத்தில் எடை குறைந்ததா.
நல்ல மனநிலையில், முழுச் சம்மதத்தோடு
இந்தப் பாலிசியைக் கேட்கிறாரா.
கீழே ஆட்டோவிலிருந்து
'சரி' என்று கேட்டதுபோல் இருந்தது.

பிறகு அந்தக் கேள்வி:
இவர் இறந்தால் உங்களுக்கு என்ன நட்டம்? ரூபாயில்.

டயப்பர் மிச்சம். மாத்திரை மிச்சம்.
ராத்திரி மூன்று தரம் எழுந்து
புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது மிச்சம்.
எழுதினால் வரவுப் பக்கம்தான் நிறையும்.
கல்யாணம் ஆனால்தான் எங்கள் கோயிலில் புள்ளி;
அங்கேயும் அண்ணன் கணக்கில் வரவில்லை.
பற்று எழுத ஒன்றுதான் இருந்தது:
நான் என்ன சொன்னாலும் சரி என்று சொல்ல
ஓர் ஆள்.
அது எத்தனை லட்சம், மெய்யப்பா?

ஜெபராணி நாலாம் பக்கம் வரைக்கும் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"கொடுத்தவருக்குப் புத்தி தெளிவா இருக்கிறவரைதாம்மா பவர்.
ஆக்சிடென்ட் ஆன அன்னைக்கே
இது செத்துப்போச்சு."

ஐந்து வருஷமாக
பத்திரத்தைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து
பீரோவில் பூட்டியிருந்தேன்.
நாற்றம்கூட வரவில்லை.

கோட்டையூர் மனையை நான் விற்றது
விபத்துக்கு ஒன்பதாம் நாள்.
ஐ.சி.யூ. பணத்துக்கு.
அதை அந்தம்மாவிடம் சொல்லவில்லை.
மெய்யப்பன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிவகங்கையில, கலெக்டர் ஆபீஸ்ல
காப்பாளர்னு மனுப் போட முடியுமான்னு கேளுங்க.
அதுவரைக்கும் உங்க உயிருக்குப் போடலாமே.
உங்களுக்கப்புறமும் அவர் இருக்கணும்ல."

மெய்யப்பன் பையில் புதுப் படிவம் தயாராக இருந்தது.
நாமினி: சேவுகப்பன். உறவு: அண்ணன்.
அவருக்காகப் பணம் பெறுபவர்:

ஜோகூரில் ஒரு தம்பி இருக்கிறான்,
போனை எடுத்து நாலு வருஷம்.
பெரியப்பா மகள் இருக்கிறாள்,
வந்தால் வாசலோடு பேசிவிட்டுப் போவாள்,
மூத்திர வாடை ஆகாது.
மெய்யப்பனைப் பார்த்தேன்.
அவன் மறுபடியும் மின்விசிறியை.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

"இங்க உங்க கையெழுத்து."
என் பேர் சிகப்பி.
'ச' எழுதி மேலே ஒரு வளைவு,
அவ்வளவுதான் வேண்டியது.
பேனா தாளைத் தொட்டதும்
'ச'வுக்கு முன்னாலேயே விழுந்தது
இரட்டைக் கொம்பு.

ஜெபராணி ஒன்றும் கேட்காமல்
இன்னொரு படிவம் எடுக்க எழுந்தார்.
கீழே அந்தோணி இரண்டு தரம் ஹாரன் அடித்தார்.
ஆட்டோவுக்குள் வெயில் வந்துவிட்டது.