தலையில் கொக்கி

ஸாக்ரெப்புக்கு ஆறாயிரம் பீஸ்,
பில்பாவோவுக்கு நாலாயிரம்.
ஒரே நூல், ஒரே சாயம், ஒரே கழுத்து.
இடுப்புத் தையலுக்குள் ஒளிந்திருக்கும்
வாஷ்கேர் லேபிள் மட்டும் வேறு வேறு.

அதுதான் மாறிக் கிடந்தது.

அனுப்பர்பாளையம் ஷெட்டில்
ராத்திரி பத்தேகாலுக்கு,
பெட்டி ஒட்டும்போது பார்த்தேன்.
விடிந்தால் தூத்துக்குடிக்குக் கண்டெய்னர்.

"ரெண்டும் இங்கிலீசுதானுங்களே" என்றார் பாவாத்தாக்கா.
எழுத்து அப்படித்தானுங்க்கா, பேச்சு வேற.
தலையில் கொக்கி மாட்டிய எழுத்து இருந்தால் குரோவேஷியன்.
பெருக்கல் குறி மாதிரி எக்ஸ் இருந்தால் பாஸ்க்.
சதவீதக் குறி நூறுக்கு முன்னால் நின்றாலும் பாஸ்க்தான்:
நூற்றுக்கு என்று சொல்லிவிட்டு
அப்புறம்தான் எவ்வளவு என்பார்கள்,
நம்மைப் போலவே.

பதினோரு பேர் டிரிம்மரோடு உட்கார்ந்தோம்.

குளிர்ந்த நீரில் துவைக்கச் சொல்ல
குரோவேஷியன் எடுத்தவுடன் துவை என்கிறது,
பிறகுதான் தண்ணீரைத் தேடிப் போகிறது.
பாஸ்க் தண்ணீரை வைத்து, அதைக் குளிரவைத்து,
கடைசியில் துவைக்கிறது.
தண்ணீருக்கு அங்கே உர் என்று பெயர்.
"தண்ணி இருந்தாத்தானுங்க ஊரு" என்றார் அக்கா,
நூலைப் பல்லால் கடித்தபடி.

இந்தியான் எகினா.
இந்தியாவில் செய்தது.
வேற்றுமை உருபு வாலில்,
வினை அதற்கும் பின்னால்.
"அப்ப நம்ம சொந்தமுங்களா?"
நடை ஒண்ணுங்க்கா, கூட்டம் வேற.
அங்கே இரு என்றால் மூன்று.
பங்காளி கிடையாது, சம்பந்தி கிடையாது,
உலகத்திலேயே ஒற்றை வீடு.

பிரித்ததைக் குரோவேஷியனில் எண்ணிக் காட்டினேன், விளையாட்டாக:
த்வா, த்ரி, செத்திரி, பெத்.
மூலையில் கார்ட்டன் மடித்துக்கொண்டிருந்த தபன்
தலையைத் தூக்கினான், பாலேஸ்வர்க்காரன்.
துய், தினி, சாரி, பாஞ்சொ.
ஒரு நிமிஷம் டிரிம்மர் எதுவும் ஓடவில்லை.
மூன்று வருஷமாக "ஏய் ஹிந்தி" என்று கூப்பிட்டோமே,
அவன் ஹிந்தியும் இல்லை,
ஸாக்ரெப்புக்குத் தூரத்துப் பங்காளி.
அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை.
டேப் தீர்ந்துவிட்டது என்றான்.

மூன்று மணிக்கு என் விரலில் முனை ஏறியது.
கைபேசி அகராதியில் தேடினேன், வலக்கையால்.
விரல்: ப்ர்ஸ்ட்.
ரத்தம்: க்ர்வ்.
எல்லாம் புள்ளி வைத்த எழுத்து.
உயிரே இல்லாமல் மெய்யை மட்டும் அடுக்கி
எப்படி ஒரு சொல் நிற்கும் என்று
இலக்கண வாத்தியாரிடம் கேட்டால் அடிப்பார்.
இன்னொன்றும் இருந்தது, ஸ்ம்ர்ட்.
சாவு.
அதற்கு மட்டும் பொருத்தம்தான்.
வெள்ளைத் துணியில் படாமல்
விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

பாஸ்க்கில் எனக்குப் பிடிபடாதது ஒன்றுண்டு.
தூங்குகிறவனுக்குப் பெயர் வெறுமனே தபன்.
அவனே எதையாவது தைத்தால், பிரித்தால், கெடுத்தால்
தபனெக்.
செய்தவன் பெயரில் ஒரு க் விழுந்துவிடும்,
சட்டையில் கறை விழுகிற மாதிரி.
நமக்கு எழுவாய்க்கு உருபு கிடையாது.
தூங்கினாலும் கெடுத்தாலும் தபன் தபன்தான்.

நாலரைக்கு முடிந்தது.
தபன் அட்டைப்பெட்டி மேல் தூங்கிவிட்டான்,
பெயரில் ஒன்றும் ஒட்டாமல்.
பண்டல் சீட்டுகளை மறுபடி பார்த்தேன்.
ரெண்டிலும் பச்சை மையில் என் கையெழுத்து.

ஐந்துக்கு முதலாளி கூப்பிட்டார்.
யாருங்க பண்ணுனது?

பில்பாவோவாக இருந்தால்
கேள்வியிலேயே க் வந்திருக்கும், நோர்க் என்று.
பதிலிலும் வரவேண்டும், நிக்,
நான், செய்த நான்.

விரல் இன்னும் லேசாக உப்புக் கரித்தது.

"மாறிப்போச்சுங்க" என்றேன்.