மே மாதத்தில் அளந்தது

மஸ்ஜித் சுலைமானுக்குக் கிழக்கே மூன்று தாள்கள்.
நடுத்தாளைக் கேட்டு வந்திருந்தாள் குலந்தாம்.
துணியில் ஒட்டிய பழைய தாள்;
மடிப்பு விழுந்த இடத்தில்
ஒரு மலையே தேய்ந்து போயிருந்தது.

நில அலுவலகத்தில் வரைபடம் எடுத்துக் கொடுப்பவன் நான்.
கருத்துச் சொல்வது என் வேலையில்லை.

கம்பெனிக்காக யாரோ ஒரு துரை வரைந்தது.
தேர்ந்த கை.
பழுப்புக் கோடுகள் நெருங்கும் இடத்தில் விரல் வைத்தால்
நமக்கு மூச்சு வாங்கும்.
எண்ணெய் கசியும் இடம் மூன்று.
மூன்றையும் இம்மி பிசகாமல் குறித்திருக்கிறான்.
நாற்றத்தைக்கூட எழுதிவைத்திருக்கிறான்.

அவளுடைய ஆட்கள் குளிர்காலம் தங்கும் பள்ளத்தாக்கு மட்டும்
வெள்ளை.
நடுவே சாய்வெழுத்தில் இரண்டு சொல்:
குடியிருப்பு இல்லை.

குழாய் போகிற நிலத்துக்கு ஈடு கேட்ட மனுவை
இந்த இரண்டு சொல்லைக் காட்டித்தான்
இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்.

குலந்தாம் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருபவள்.
மலையைப் பார்க்கவில்லை, ஓரத்தைப் பார்த்தாள்.
எறும்பு ஊர்ந்தாற்போல் அங்கே ஒரு வரி.
வாசித்துக் காட்டினேன்: அளந்த மாதம், மே.

சிரித்துவிட்டாள்.
"மே மாதம் அங்கே பல்லிகூட இருக்காது.
ஆடு, கூடாரம், கோழி, கைக்குழந்தை எல்லாம்
கிளம்பி ஐந்து வாரம் ஆகியிருக்கும்,
ஜர்தே கூஹ் பனிப் பக்கம்.
ஆளில்லாத நேரம் பார்த்து நுழைந்தவனிடம்
இது யார் வீடு என்று கேட்டால்
என்ன சொல்வான்?"

பிறகு உருப்பெருக்கியை வாங்கி
வெள்ளைக்குள் ஒரு சின்ன முக்கோணத்தில் நிறுத்தினாள்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு அடி.
பக்கத்தில்: கற்சிங்கம்.

அளவைப் பலகையை நிறுத்த
மட்டமான இடம் தேடியிருக்கிறான் துரை.
கிடைத்தது ஒரு சிங்கத்தின் முதுகு.
விலாவில் வாளும் துப்பாக்கியும் செதுக்கியது;
சண்டையில் பேர் வாங்கியவன் தலைமாட்டில் வைப்பது.
"மெஹ்ராப்" என்றாள். "எங்கள் ஆள்."

தாளிலிருக்கும் மலையெல்லாம்
அந்த முதுகிலிருந்து அளந்தவை.
மூன்று கசிவும்தான்.

நகலில் முத்திரை குத்திக் கொடுத்தேன்.
கல்லறை குடியிருப்பில் சேருமா என்று
மேலிடத்தில் கேட்பார்கள், எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

வாசல்வரை போனவள் திரும்பி வந்து
இன்னொரு நகல் கேட்டாள்.
முக்கோணம் இருக்கிற மூலை மட்டும்,
எவ்வளவு பெரிதாக முடியுமோ
அவ்வளவு பெரிதாக.