ஒன்றே முக்கால் கிலோ

நூற்றைம்பது வெள்ளி.
அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று
சம்பளம் வந்த இரவே
என்னிடம் நானே கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

கடையில் விரித்து வைத்திருந்த ஆரஞ்சுக் கூடாரம்
தொள்ளாயிரம் கிராம், எழுநூறு வெள்ளி.
துணியைத் தொட்டேன். வெங்காயச் சருகு.
"தோளில் காற்று மாதிரி இருக்கும்" என்றான் விற்பவன்.
காற்று இங்கே இவ்வளவு விலையா
என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

பீச் ரோடு ராணுவச் சந்தையில்
பச்சைத் தார்ப்பாய், கயிறு, ஆணி
எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து.
நான்கு கிலோவுக்குக் குறையாது.
"பட்டாளத்துப் பையன்கள் தூக்கவில்லையா?"
பையன்களுக்குப் பத்தொன்பது வயது, அண்ணே.
எனக்கு நாற்பத்தொன்று.
படி இறங்கும்போதெல்லாம்
இடது முழங்காலில் ஒரு பல்லி சொல்கிறது.

மூன்று வாரம் கைப்பேசியில்
அடுத்தவர் கூடாரங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
'ஒருமுறைதான் பயன்படுத்தியது'
என்று இருபது பேர் எழுதியிருந்தார்கள்.
அந்த ஒருமுறையில்
என்னதான் நடந்தது இவர்களுக்கெல்லாம்?

கடைசியில் தெம்பனிஸ் ரயில் நிலையம்.
கட்டண வாயிலுக்கு அந்தப்பக்கம் ஐடில்,
இந்தப்பக்கம் நான்.
வெளியே வந்தால் அவனுக்கு ரயில் காசு நட்டம்.
தடுப்புக்கு மேலாகக் கைமாறியது.
நூற்றிருபது சொன்னான், நூற்றுப்பத்துக்கு இறங்கினான்.
ஏன் விற்கிறாய்?
"செவ்வாய்க்கிழமை தேசிய சேவை, ஆன்ட்டி.
இனி ரெண்டு வருஷம்
கூடாரம் அவங்களே தருவாங்க."

சமையலறைத் தராசு
ஒரு கிலோவுக்கு மேல் தாங்காது.
பிரித்துப் பிரித்து நிறுத்தேன்.
மேல்துணி ஐந்நூற்று இருபது,
உள்வலை நானூற்று எழுபது,
கம்புகள் நானூற்றுப் பத்து.
அதோடு பையில் அச்சடித்த கணக்கு முடிந்துவிட்டது.
ஆணி, கயிறு, உறை
இன்னும் முந்நூற்றைம்பது மேசைமேல் கிடந்தன.
அதையெல்லாம் எடையில் சேர்க்க மாட்டார்களாம்,
தரகர் மாப்பிள்ளையின் வயதைச் சொல்வதுபோல.

"முந்நூற்றைம்பது கிராமா? ஒரு மாம்பழம்"
என்றார் இளஞ்சேரன், சோபாவிலிருந்து.
தஹான் மலையில் ஏழு நாள்
அந்த மாம்பழத்தைத் தின்னாமல் சுமந்து பாருங்கள்.
மெத்தை இல்லாத இடத்துக்கு வரமாட்டார்.
அதனால்தான் ஒருவர் கூடாரம்.
அதனால்தான் நூற்றுப்பத்து.

வரவேற்பறையில் நட்டுப் படுத்தேன்.
தலை சுவரில், கால் தொலைக்காட்சி மேசையில்.
மின்விசிறிக் காற்று
வலைவரை வந்து நின்றுகொண்டது.

பிறகு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை, ஒரு வாரநாள் இரவு,
அனுமதிச் சீட்டோடு.
கடலில் கப்பல்கள் இன்னொரு பேட்டைபோல
விளக்கேற்றி வைத்திருந்தன.
பக்கத்துக் கூடாரத்தில்
யாரோ நள்ளிரவில் நூடல்ஸ் கிண்டினார்கள்.
நான்கு மணிக்கு சுமத்ராக் காற்று,
கதவைத் தட்டாமல்.
கம்பு வளைந்தது, வளைந்தது,
நான் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்,
நிமிர்ந்தது.
ஒடியவில்லை என்று சிரித்தபோது
நெற்றியில் ஒரு சொட்டு.
விளக்கடித்துப் பார்த்தேன்.
தையலில் ஓர் ஊசித்துளை.
அடுத்த சொட்டு அதில்
யோசித்துக்கொண்டிருந்தது.

ஐடிலின் ஒருமுறை
எனக்குப் புரிந்தது.
கோபம் வரவில்லை. இந்நேரம் அவனும்
எங்கோ நனைந்துகொண்டிருப்பான்.

தையலுக்குப் பசை பதினான்கு வெள்ளி.
மீதி இருபத்தாறு.
ஒன்பதாம் மாடியில் மூங்கில் கழியில்
துணிகளோடு துணியாகக் கூடாரம் காய்கிறது.
வயிறு புடைத்து, ஒட்டி, மறுபடி புடைத்து.

உள்ளே உட்கார்ந்து
ஆணிகளை மண் போகத் துடைத்து எண்ணுகிறேன்.
ஏழு.
மறுபடி எண்ணினாலும் ஏழு.
எட்டாவது கடற்கரை மணலிலேயே தங்கிவிட்டது.

பதினெட்டு கிராம் குறைந்தது.