வில்லங்கச் சான்று

முதல் நாள் பீட்ரூட் என்று நினைத்தேன்.
முந்தின மதியம் பொரியல் வைத்திருந்தேன்.
இரண்டாம் நாள், தேதி தப்பி வந்ததாக்கும் என்று.
நாற்பத்தெட்டில் அதற்குக் கணக்கு ஏது.
மூன்றாம் நாள் வெள்ளைப் பீங்கானில்
நூல் நூலாக இறங்கியதற்கு
ஒரு பெயரும் வைக்காமல்
இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு
தேவகோட்டைப் பதிவு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் என் மேஜை.
பலகையில்: அ. சிகப்பி, பத்திர எழுத்தர்.
பேரிலேயே நிறம். அன்றுதான் உறைத்தது.

வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி,
"மூலப் பத்திரம் இருக்கா?"
எதிர்ச் சுவரில் மஞ்சள் தாளில் பச்சை எழுத்து:
மூலம் பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல்
பிரதி வியாழன் லாட்ஜ் அறை எண் ஆறு.
எட்டு வருஷமாக அதைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
அன்றைக்குத்தான் போன் நம்பரைப் படித்தேன்.

மூலமாகத்தான் இருக்கும்.
மூலமாக இருக்கட்டும் தாயே என்று
கொப்புடையம்மனிடம் வேண்டிக்கொண்டவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
ஒரு நோயைக் கேட்டு நேர்ந்துகொண்டேன்,
இன்னொன்றின் பேரை உச்சரிக்காமலிருக்க.

அந்தப் பேர் விடவில்லை.
முப்பத்தொரு பங்குக்காரர்கள் சேர்ந்து விற்கும் வீட்டுக்கு
நான்கெல்லை எழுதிக்கொண்டிருந்தேன்:
கிழக்கே ஊருணிப் பாதை,
தெற்கே மெய்யம்மை வகையறா மனை,
மேற்கே புற்று
என்று எழுதி, கை நின்றுவிட்டது.
"புற்றும் புறம்போக்கும்னு போடுங்க ஆச்சி"
என்றான் தரகன், வெற்றிலையை மென்றபடி.
போட்டேன்.

வீட்டில் உமையாள்தான் கண்டுபிடித்தாள்.
"ஏம்மா பினாயிலை இப்படிக் கொட்டுறே?"
பொய் சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது.
அவள் ஒன்றும் பேசாமல்
காரைக்குடியில் டோக்கன் போட்டாள்.

டாக்டரம்மாவுக்கு முப்பது இருக்கும்.
இடது பக்கம் ஒருக்களிக்கச் சொன்னாள்,
முழங்காலை மடக்கச் சொன்னாள்.
சுவரில் ஒரு பல்லி, அதற்கும் வெட்கம்போல,
டியூப்லைட்டுக்குப் பின்னால் போய்விட்டது.
"எப்போதிருந்து?"
அது என் கேள்வி. வில்லங்கம் பார்க்க
எந்த வருஷத்திலிருந்து என்று நான்தான் கேட்பேன்.
"வீட்டில் யாருக்காவது இருந்திருக்கா?"
பதில் தெரியவில்லை.

அன்று ராத்திரி பள்ளத்தூர் அயித்தைக்குப் போன் போட்டேன்.
பெரியப்பச்சி எதுல போனாக?
"வயித்து நோவு."
வயித்துல எங்கே?
"அதையெல்லாம் யாரு கேட்டா."
கொஞ்சம் நேரம் இரைச்சல்.
"வேட்டியை மட்டும் யாரையும் தொவைக்க விடமாட்டாக.
ராத்திரி விளக்குப் போடாம
அவுகளே கிணத்தடியில தொவைப்பாக.
சுத்தக்காரர்னு நெனச்சோம்."

போனை வைத்த பிறகும் அந்த ஈரத் துணியின் சத்தம்.
எங்கள் மூலப் பத்திரம் அதுதான்,
பதிவாகாதது, சாட்சி இல்லாதது.

மதுரைக்கு முந்தின இரவு
எலுமிச்சை வாசனைக் கரைசல், தம்ளர் தம்ளராக.
கதவுக்கு வெளியே உமையாள் தரையில் உட்கார்ந்து
"எத்தனாவது தடவைம்மா?" என்று குறித்துக்கொண்டாள்.
பதினொன்றில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

குழாயில் கண் வைத்து உள்ளே போய்ப் பார்த்தார்கள்.
மூலம் இருக்கிறது, அம்மன் கைவிடவில்லை.
அதற்கு மேலே, ஒரு சாண் தள்ளி,
சின்னதாக ஒரு முளை.
"எடுத்துட்டோம். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கு. பத்து நாள்."

சென்னையில் தம்பிக்குச் சொன்னேன்.
உனக்கு நாற்பத்தஞ்சாச்சு, போய்ப் பார், வேட்டியை ஒளிக்காதே.
அவனுக்குக் கடைசி வார்த்தை புரியவில்லை.
முதலிலிருந்து சொன்னேன்.

இன்று மேஜைக்கு வந்தவர் கேட்டார்,
"வில்லங்கம் ஏதும் இல்லையே ஆச்சி?"
மனு போட்டிருக்கு, வரட்டும் என்றேன்.
அவருடைய மனையைத்தான் சொன்னேன்.

பத்தில் ஆறு நாள் போயிற்று.
சாயங்காலம் சந்தையில் அரைக்கிலோ பீட்ரூட் எடுத்துத்
தராசில் வைத்த பிறகு
வேண்டாம் என்று
கோஸ் வாங்கி வந்தேன்.