நாற்பத்தைந்து

வெட்டூர்ணிமடத்தில் பேக்கரிக்கு மேலே அலுவலகம்.
கீழே பன் வேகிற நேரத்தில்
ஸ்டார்ட்அப் விண்ணப்பங்களைப் பிரிப்பேன்.
இருநூற்றுப் பதினேழு வந்திருந்தன.
சென்னையில் வட்டப்படம் கேட்டார்கள்:
வயதுக்கு ஒன்று, பாலினத்துக்கு ஒன்று.

எக்செல் நொடியில் அறுத்துத் தந்தது.
ஆண்கள் ஏறக்குறைய முழுச் சக்கை.
பெண்கள்,
சுளை எடுத்தபின் விரலில் ஒட்டுகிற நார்.
மற்றவர் ஒன்று.
அதற்குக் கோடுகூட விழவில்லை.

வயதில்தான் இடறியது.
இருபத்திரண்டு, இருபத்தாறு என்று ஓடி
முப்பத்தொன்றில் மூச்சு வாங்கிப் படுத்த வரிசை
நாற்பத்தைந்தில் திடீரென எழுந்து நின்றது.
பதினோரு பேர்.
நாற்பத்துநான்கில் ஆளில்லை,
நாற்பத்தாறிலும் இல்லை.
அந்த ஒரு வருஷம் ஜில்லாவில்
அப்படி என்ன விளைந்தது?

கருங்கல் ரோஸ்லெட் பாயை அழைத்தேன்.
"அம்பத்தெட்டு" என்றார்.
"ஒங்க பெட்டிய இழுத்து இழுத்துப் பாத்தேன் பிள்ளே,
நாப்பத்தஞ்சுல தட்டி நிக்குது.
பொய் சொன்னது நானில்ல,
ஒங்க பெட்டியாக்கும்."

மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸ்.
பிள்ளைகள் கடல்தாண்டிப் போன வீடுகளில்
படுக்கையில் கிடப்பவரை
ஒற்றை ஆளாய்ப் புரட்ட ஒரு விரிப்பு தைத்திருக்கிறார்.
'யாரிடம் பரிசோதித்தீர்கள்?' என்ற கட்டத்தில்
'எனக்க வீட்டுக்காரரிடம். எண்பத்துநாலு கிலோ.'

ராணித்தோட்டம் டிப்போவில் ஓய்வுபெற்ற
டிரைவர் பொன்னுலிங்கம் சிரித்தார்.
"ஆக்சிலரேட்டரா?
முப்பது வருஷம் மிதிச்ச காலாக்கும் இது.
ஒங்க வண்டியில பிரேக் உண்டா, அதச் சொல்லும்."

கடியப்பட்டணம் அஜின், இருபத்துநாலு, ஆண்.
மணம் கசியாத மீன்பெட்டி,
பஸ் படியில் ஏற்றும் அளவு.
எடுத்தது ஒரு பெண்குரல்.
பின்னால் ஏலம் விளிக்கிற சத்தம்.
"பேரு அவனுக்க. அவன் கப்பல்ல.
பெட்டி எனக்க.
நாறுதுன்னு எறக்கிவிட்டது என்னையில்லா?"
உங்கள் பெயர்?
"டெல்சி. சகாய டெல்சி.
ஏன், மாத்தணுமா? மாத்தினா கிடைக்குமா?"

இதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

'மற்றவர்' மட்டும் எடுக்கவில்லை.
மூன்று முறை அடித்தேன்.
மூன்றாம் முறை எடுத்து,
நான் பேசுமுன்பே வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு அறிக்கை போனது.
சராசரி வயது இருபத்தேழு புள்ளி நான்கு.
பெண்கள் ஒன்பது சதவீதம்.
அடிக்குறிப்பாக நான் சேர்த்த நாலு வரியை
'இடமில்லை' என்று நறுக்கிவிட்டார்கள்.

அடுத்த சுற்றுக்கான படிவத்தைத் திறந்தேன்.
நாற்பத்தாறு சேர்த்தேன், நாற்பத்தேழு,
அறுபத்துமூன்று வரை போனேன்.
அப்புறம் எங்கே நிறுத்த?
பட்டியலையே அழித்து வெறும் கட்டமாய் விட்டேன்.

வேலை செய்கிறதா என்று பார்க்க
ஒரு விண்ணப்பம் போட்டாக வேண்டும்.
பெயர்: சோதனை.
வயது: என் வயதைத் தட்டினேன், ஐம்பத்தொன்று.
முரண்டு பிடிக்காமல் வாங்கிக்கொண்டது.

அடுத்தது, உங்கள் யோசனை என்ன?

கீழே ஷட்டர் இறங்குகிற சத்தம்.
இரண்டு வரி எழுதியிருக்கிறேன்.
சோதனைப் பதிவை அழிக்கச் சொல்லி
சென்னையிலிருந்து நேற்றும் மெயில் வந்தது.