கழிவு

திங்கள் இரவு நாற்பத்தொன்று தசம் இரண்டு.
செவ்வாய் முப்பத்தெட்டு தசம் ஏழு.
இடையில் இந்த வீட்டில்
ஒருவரும் ஒன்றும் சேமிக்கவில்லை என்கிறார்கள்.
அக்கரைப்பற்று நெல்லுக் களஞ்சியத்தில்
பதினெட்டு வருசம் தராசடியில் இருந்தவன்
இதை எப்படி நம்புவது?

சீ.ஆர். கொப்பி ஒன்றில் கோடு போட்டேன்.
திகதி, நேரம், சி றைவில் மிச்சம்,
கடைசி நிரலில் சந்தேகம்.
புதன்கிழமைச் சந்தேகம்: மகள் துர்க்காயினி,
கொரியன் நாடகம்.
வியாழன்: பக்கத்து வளவு நிரோஜன்,
பென் றைவோடு வந்து
"ஒரு நிமிசம் அங்கிள்" என்று அரை மணி இருந்தவன்.
வெள்ளி, ஆரென்று எழுத முன்
நாற்பத்துநாலு காட்டியது.
குறைந்தால் கள்ளன் என்று எழுதலாம்.
கூடினால் என்னவென்று எழுதுவது?

துர்க்காயினி கொப்பியைப் பார்த்துவிட்டாள்.
"அது தானாவும் தின்னும் அப்பா.
அப்டேட்டை இறக்கி ஒளிச்சு வைக்கும், பிறகு எறியும்.
பழைய நாளொண்டுக்குத் திரும்பிப் போகலாமெண்டு
அந்த நாளை மடிச்சு மூலையில வைக்கும்.
நித்திரைக்குப் போகமுதல்
நினைப்பில உள்ளதெல்லாத்தையும்
ஒரு ஃபைலுக்குள்ள இறக்கும்,
அதுக்கெண்டே ஆறு ஜிபி பிடிச்சு வச்சிருக்கு."
"என்னைக் கேளாமலா?"
"என்னைக் கேட்டா கள்ளி எண்டு எழுதினீங்க?"

ஐந்நூறு என்று காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்
நானூற்று அறுபத்தைந்துதான் காட்டுகிறது.
விற்கிறவன் ஆயிரத்தால் அளக்கிறான்,
பெட்டி ஆயிரத்து இருபத்துநாலால் அளக்கிறது.
ஊருக்கு இரண்டு மரைக்கால் இருந்த காலம்
முடிந்துபோயிற்று என்றல்லவா நினைத்தேன்.

எனக்குத் தெரியாமல் போவது
எனக்குத் தெரியப் போகட்டும் என்று
ஒவ்வொரு இரவும் திரையைப் போனில் படமெடுத்துப்
பெட்டிக்குள் போட்டு வந்தேன்.
இரண்டு இரவு
விடிய விடிய வீடியோவே ஓடவிட்டேன்,
இலக்கம் இறங்கும்போது கையும் களவுமாகப் பிடிக்க.
ஞாயிறு, பெரிய ஃபோல்டர் எதுவென்று
வரிசைப்படுத்திப் பார்த்தால்
முதலாவதாய் நின்றது என்னுடையது.
பெயர் 'சாட்சி'. ஒன்பது தசம் ஆறு.

மீனுக்கு உப்புத் தடவிய கையோடு வந்து
எட்டிப் பார்த்து யோகமலர் சிரித்தாள்.
தம்பிலுவில் கடலுக்கே கேட்டிருக்கும்.

அழித்தேன். மிச்சம் கூடவில்லை.
குப்பைக்கூடைக்குள் கிடந்தது.
கூடையையும் கொட்டினேன்.
ஒன்பது தசம் ஒன்று திரும்பியது.
அரை ஜிபி வரவேயில்லை.
எங்கே என்று பெட்டியிடம் கேட்டேன்,
வாய்விட்டு, ராத்திரி ஒரு மணிக்கு.
விசிறி சுத்தியது.

காலையில் களஞ்சியம். சிறுபோக நெல்லு.
மீராலெப்பையின் மூடைகள் ஏறி இறங்கின.
போகத்துக்குப் போகம் கேட்பதையே கேட்டார்:
"கிளாக்கர், என்ட ரெண்டு கிலோ எங்க போகுது?"
எனக்குப் பின்னால் பலகை இருக்கிறது.
ஈரம், பதர்: மூடைக்கு இரண்டு கிலோ கழிவு.
வாய் திறக்காமல் பேனையால் அதைக் காட்டுவது
என் பதினெட்டு வருசப் பதில்.
அவர் ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்தார்.
டிக் என்றது.
ஈர நெல்லு அப்படிக் கேட்காது.
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்,
தராசுக்கு மட்டும் தெரியாது.
பேனை பாதியில் நின்றது.
பிறகு, முதலாளி பார்த்துக்கொண்டிருந்ததால்,
போய்ப் பலகையைத் தொட்டது.

நூற்றுப் பன்னிரண்டு மூடை.

இரவு கொப்பியை விரித்துத்
திகதி போட்டேன், நேரம் போட்டேன்,
குறைந்தது இருநூற்று இருபத்துநாலு என்று எழுதிக்
கடைசி நிரலில் பேனையை வைத்தபடி இருந்தேன்.
தோளுக்கு மேலால் பார்த்தாள் துர்க்காயினி.
"இது எந்த றைவ் அப்பா?"