பச்சைப் புள்ளி

நான்கு மாத விடுப்புக்குப் பின் புது லேப்டாப்.
‘பத்தே நிமிடத்தில் தயார்’ என்கிறது ரீட்மீ கோப்பு.
இது மூன்றாவது மணி நேரம்.
தார்த்துவில் மைனஸ் பதினெட்டு;
ஜன்னலுக்கு வெளியே ஆறு கல்லாய்க் கிடக்கிறது.

ஒன்பது கண்டெய்னர்கள்.
எட்டு எழுந்து நிற்க
பில் போடும் சேவை மட்டும்
எழுகிறது, விழுகிறது,
எழுகிறது.
திரையில் திரும்பத் திரும்ப ஒரே வரி:
இணைப்பு மறுக்கப்பட்டது.

எதிர் மேசை கௌப்போ எட்டிப் பார்க்கிறான்.
“டேட்டாபேஸ் ஓடுகிறதே?”
ஓடுகிறது. பச்சைப் புள்ளிகூட இருக்கிறது.
உள்ளே அது இன்னும்
மாதிரித் தரவை அடுக்கி முடிக்கவில்லை,
தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்ல
வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நாலு வரி எழுதினேன்:
ஐந்து நொடிக்கொரு முறை விசாரி.
முப்பது தடவை வரை பொறு.
பதில் வந்த பிறகு மற்றதை எழுப்பு.

ஒன்பதும் நின்றன.

காபியை நீட்டியபடி கௌப்போ,
“நீ எப்படி இருக்கிறாய், ஹெல்வே?”
காலையிலிருந்து ஏழு பேர் கேட்டாயிற்று;
ஏழு பேருக்கும்
பச்சைப் புள்ளியைக் காட்டி அனுப்பிவிட்டேன்.

இவன் கேட்டுவிட்டு நகரவில்லை.
ஐந்து நொடி.
இன்னும் ஐந்து.